கலைஞரின் கனவு இல்லம்: அத்தை வீட்டுக்காக அலைந்து கற்ற வழி

அத்தையின் கூரை வீடு ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒழுகும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இப்போது கான்கிரீட் வீடு கட்டியாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு அரசு ஒதுக்குவது 3.5 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் கூரை, மீதி 60 எளிதில் தீப்பிடிக்காத வேறு கூரை. 2024-25இல் 1 லட்சம் வீடுகள் என்று தொடங்கிய ஊரகத் திட்டம் இது. நகரத்துக்காரர்களுக்கு வழி வேறு.

1. குடிசையைப் பிரிக்காதீர்கள். குடிசையில் குடியிருப்பவருக்குத்தான் வீடு. ஆள் வந்து பார்த்து, போட்டோ எடுத்து, பணி ஆணை கையில் வரும்வரை கீற்று அப்படியே இருக்கட்டும். குடிசைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடம் கேளுங்கள்.

2. பட்டா. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இடம் சொந்தமாக, பட்டாவோடு இருக்க வேண்டும். புறம்போக்கு என்றால் முதலில் பட்டாவுக்கு மனு போடுங்கள். அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டா பார்க்க உட்கார்ந்தேன். சர்வே எண்ணைப் போட்டால் பதிவே இல்லை என்கிறது. நாலு நாள், நாலு விதமாகப் போட்டுப் பார்த்தாயிற்று. ஐந்தாம் நாள்தான் மேலே இருந்த சின்னத் தேர்வு கண்ணில் பட்டது: ஊரகம், நத்தம். வயல், தோட்டமெல்லாம் ஊரகத்தில் வரும். ஊருக்குள் இருக்கும் வீட்டுமனை பெரும்பாலும் நத்தம். அதைத் தொட்டதும் மாமா பெயரில் பட்டா வந்து நின்றது.

இன்னொன்று, அங்கே கேட்பது வருவாய் கிராமம். அத்தை இருக்கும் குக்கிராமத்தின் பெயரைப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வீட்டில் பழைய பட்டா நகல் இருந்தால் அதில் இருக்கும் கிராமப் பெயரையே போடுங்கள்.

மாமா இறந்து ஆறு வருடம். அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தை பெயருக்குப் பட்டா மாற்றினோம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. இடத்தைப் பங்கு பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், இன்னும் இழுக்கும். பார்ப்பதற்குச் சொந்த லேப்டாப், மனு போடுவதற்கு இ-சேவை மையம், இதுதான் என் கட்சி. ஆவணங்களைப் போனில் போட்டோ எடுத்து மங்கலாக ஏற்றிவிட்டுத் திரும்ப அலையாதீர்கள்.

3. கிராம சபை. பயனாளிகள் பட்டியலுக்கு அங்கே ஒப்புதல் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஒன்றில் நேரில் போய், பெயரை வாசிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

4. கட்டுமானம். மொத்தப் பணமும் முன்னால் வராது. தரைமட்டம், லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரை, முடிவு என்று வேலை ஏற ஏற ஓவர்சியர் பார்த்துப் பில் போடுவார். அஸ்திவாரச் செலவு உங்கள் கையிலிருந்துதான். நாங்கள் நகையை அடகு வைத்தோம். கொத்தனாரை நாள் கூலிக்கு வைக்காமல் லேபர் கான்ட்ராக்ட் பேசி, கூலியையும் அதே நாலு கட்டமாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம், 360 சதுர அடியைத் தாண்டி ஒரு அறை இழுக்க ஆசை வரும். முதலில் இதை முடியுங்கள்.

பிற்சேர்க்கை: பில் போட்டும் பணம் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவரிடம் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவருடைய வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. அவர் கொடுத்திருந்தது பழைய ஐஎஃப்எஸ்சி எண். புதுப் பாஸ்புக் வாங்கி அதன் நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தார், பணம் வந்துவிட்டது. மற்றவருக்குப் பாஸ்புக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். அவர் இன்னும் ஆதார் மையத்து வரிசையில் நிற்கிறார்.