பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிடுங்கள்

ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சில வார வெளிநாட்டுப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தபிறகு மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடினால் நேரம் போதாது. தட்கலில் எடுக்கலாம்தான், ஆனால் 1,500 ரூபாயோடு இன்னொரு 2,000 கூடுதலாகப் போகும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி இனிஷியல். சான்றிதழில் 'எஸ். கார்த்திக்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டும். என் தங்கை மகனுக்கு ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருந்ததால் இரண்டு முறை அலைந்தோம். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொடுங்கள். அதைக் கொடுத்தால் 'ஈசிஆர்' முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு, விழாது. பின்னால் வளைகுடா வேலைக்குப் போனாலும் அந்த அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை.