வீல்சேர்காரர்களுக்கு வண்டி மாற்றித் தரும் ஒர்க்‌ஷாப்காரர்கள் கவனிக்க

காலால் முடியாதவருக்குக் கையால் பிரேக் போட லீவர் பொருத்துகிறோம், ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் மாட்டுகிறோம், வேனில் வீல்சேரோடு ஏற ராம்ப் வைக்கிறோம். வெல்டிங் ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் இது. ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறும்வரை வேலை பாக்கி.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது நினைவிருக்கும். அதே ஆண்டு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 52-வது பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகளுக்குத் தனியாக வழிவிட்டது. சட்டம் சொல்லும் 'அடாப்டட் வெஹிகிள்', அதாவது மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டி, என்பது அவர் ஓட்டும் வண்டி மட்டும் இல்லை, அவருக்காகவே ஓடும் வண்டியும்தான். அதனால் மகன் ஓட்ட அம்மா வீல்சேரில் பின்னால் உட்கார்ந்து போகும் வேனும் இதில் சேரும். ஆனால் அவருக்காக மட்டும் என்பதுதான் நிபந்தனை, வாடகைக்கு ஓட்டலாம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மாற்றிய பிறகு ஒப்புதல் வாங்கலாம் என்கிறது சட்டம். நான் அதை நம்பி இருப்பதில்லை, முதலிலேயே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிடுவேன். ஒருமுறை வேலைக்கு முன்னால் பெடல் பக்கம் போட்டோ எடுக்க மறந்து, எதை மாற்றினேன் என்று காட்ட வழியில்லாமல் வாடிக்கையாளரை மூன்று தடவை அலைய வைத்தேன், தப்பு என்னுடையதுதான். இப்போது பெடல், லீவர் கம்பி, கிளாம்ப் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பில்லோடு ஒரு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மாற்றிய 14 நாளுக்குள் உரிமையாளர் ஆர்.டி.ஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுதிப் போடச் சொல்லுங்கள், விபத்து நடந்த பிறகு அதைப் பேசிப் பயனில்லை.

அபராதம்? அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. நமக்கு இன்னும் பெரிது. சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வண்டி பழுது பார்ப்பவரும் வருகிறார், டீலருக்கு வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய். அதனால் சோதனை மையத்தில் தேறிய ரெட்ரோஃபிட் கிட்டையே, அதாவது ஓடும் வண்டியில் பிறகு பொருத்தும் பாகங்களின் தொகுப்பையே வாங்குங்கள், சான்றிதழ் நகலைக் கேளுங்கள். பட்டறையில் வளைத்த கம்பி பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆறு மாதத்தில் கிளாம்ப் தளர்ந்து பிரேக் அரை அங்குலம் தாமதமாகப் பிடிக்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் பில். மாற்றுத்திறனாளி வண்டிக்கான ரெட்ரோஃபிட் கிட்டுக்கு 2021-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் 5 சதவீதம்தான் வைத்தது. சாதாரண உதிரிபாகம் என்று கூடுதல் வரி போட்டுக் கொடுத்தால் அந்தக் காசு வாடிக்கையாளர் தலையில்தான் விழும். புது வண்டி என்றால் பதிவுக்கான படிவம் 20-ல் உரிமையாளர் வகையில் மாற்றுத்திறனாளி என்று குறிக்க 2020 முதல் இடம் இருக்கிறது, ஷோரூமில் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.