கண்ணாடி பாட்டிலில் ஒட்டிக்கொண்ட லேபிளை எடுக்கும் முறை

ஜாம், தேன், ஊறுகாய், காப்பித்தூள் என்று வீட்டுக்கு வரும் கண்ணாடி பாட்டில்களைத் தூக்கியெறிய மனமில்லாமல் கழுவி எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலானது. சாம்பார்ப் பொடிக்கும் கடுகுக்கும் பெருங்காயத்தூளுக்கும் அவை மிகப் பொருத்தமானவை. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறுவதைப் போல அவற்றில் மஞ்சள் கறை ஏறுவதில்லை, மசாலா வாசனை தங்குவதில்லை, உள்ளே எவ்வளவு மீதமிருக்கிறது என்பதும் திறக்காமலே தெரிந்துவிடுகிறது. தொல்லை தருவது மேலே ஒட்டியிருக்கும் லேபிள்தான். நகத்தால் சுரண்டினால் பாதி கிழிந்து வரும், பாதி தங்கும். தங்கியதை நாரால் தேய்த்தால் காகிதம் போய்ப் பசை மிஞ்சும். அந்தப் பசையில் தூசி படிந்து சில நாள்களில் கறுத்துவிடும்.

லேபிளை ஒரே பொருளாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதால்தான் இப்படி ஆகிறது. அங்கே இருப்பவை இரண்டு: மேலே காகிதமோ பிளாஸ்டிக் தாளோ, அதன் அடியில் பசை. காகிதம் தண்ணீரில் இளகும். ஆனால் இன்றைய லேபிள் பசைகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு மசியாமல், சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஸ்பிரிட்டுக்கும்தான் மசியும். ஆகவே எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறோம் என்பதைக் காட்டிலும், எதை முதலில் செய்து எதைப் பிறகு செய்கிறோம் என்பதே இங்கு முக்கியம். பாட்டிலைக் கையில் எடுத்ததும் வாளித் தண்ணீரில் போட்டுவிடுவது பலருக்கும் பழக்கம். நான் அதை இரண்டாவது வழியாகத்தான் வைப்பேன்.

முதலில் லேபிள் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில லேபிள்கள் பாட்டிலை முழுதாகச் சுற்றி வந்து, ஒரு விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறி நிற்கும். இவற்றில் பெரும்பாலும் விளிம்போரத்தில் மட்டுமே பசை இருக்கும் என்பதால், பசையில்லாத இடமாகப் பார்த்துக் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழாக நறுக்கினால் பெரும்பகுதி தானாகக் கழன்றுவிடும். சூடு காட்டிச் சுருங்க வைத்துப் போர்த்திய பிளாஸ்டிக் உறையில் பொதுவாகப் பசையே கிடையாது. அதற்கும் கத்தரிக்கோல் போதும். கண்ணாடியின் மேலேயே அச்சிட்டுச் சூளையில் சுட்ட எழுத்துகள் வேறு ரகம். உரிக்க ஓரமே இல்லாத அந்த எழுத்துகளை எண்ணெயோ ஸ்பிரிட்டோ அசைக்காது, அவற்றை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

மீதமுள்ளவை காகித லேபிளும் பிளாஸ்டிக் லேபிளும். ஓரத்தைச் சற்றுக் கிழித்துப் பார்த்தால் காகிதத்தில் வெள்ளை நார் தெரியும். பிளாஸ்டிக் கிழியாமல் இழுபடும். காகித லேபிளிலும் இரண்டு உண்டு. ஸ்டார்ச்சு, பாலில் உள்ள புரதமான கேசின் போன்றவற்றால் செய்த பசையை ஈரமாகத் தடவி ஒட்டுவது பழைய முறை. இப்போதும் சில பான பாட்டில்களில் இது தொடர்கிறது, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பின்தாளிலிருந்து உரித்து அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் வகை பிந்தையது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டாண்டன் ஏவரி என்பவர் 1935-இல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதில் இருப்பது ரப்பர் அல்லது அக்ரிலிக் வகைப் பசை. முந்தைய தலைமுறையினர் தண்ணீரில் போட்டே எடுத்த லேபிள் நமக்கு மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பசை மாற்றமே காரணம்.

ஸ்டிக்கர் வகை எதுவானாலும், நனைப்பதற்கு முன் சூட்டை முயன்று பார்க்க வேண்டும். காகிதம் உலர்ந்திருக்கும்வரை அதற்கு வலு உண்டு. பசை மட்டும் இளகினால் லேபிளை முழுதாக உரித்துவிடலாம். நனைந்துவிட்டால் காகிதம் கூழாகும், பிறகு துண்டு துண்டாகத்தான் வரும். இதற்கு எளிய வழி பாட்டிலின் உள்ளே சுடுதண்ணீர் ஊற்றுவது. வெளிப்புறம் நனையாதபடி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, அதன் பிறகே கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரை லேபிளின் மேல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. உணவுப் பொருள் அடைத்து வரும் சாதாரணக் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காமல் விரிசல் விடும். அதே காரணத்தால் பாட்டிலைக் குளிர்ந்த கிரானைட் மேடையில் வைக்காமல் மடித்த துணியின் மேல் வைப்பது நல்லது.

ஐந்து நிமிடம் கழித்து ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, லேபிளை வெளிப்பக்கமாக இழுக்காமல் அதன் மேலேயே பின்னோக்கி மடித்தபடி, பாட்டிலின் பரப்பை ஒட்டினாற்போல் மெதுவாக உரிக்க வேண்டும். இந்த வகைப் பசைக்கு ஒரு குணம் உண்டு: வேகமாக இழுத்தால் விறைத்து நிற்கும், மெல்ல இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுப்பவருக்குக் காகிதம் கிழிவது அதனால்தான். ஆனால் சூடு மிகையானாலும் கெடுதல். பசை நூல் நூலாக இழுபட்டுக் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படித் தெரிந்தால் ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தொடர வேண்டும். தலைமுடி உலர்த்தும் டிரையர் வீட்டில் இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்து ஒரு நிமிடம் சூடு காட்டினாலும் இதே பலன் கிடைக்கும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இதற்கு மின்சாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். காலிப் பாட்டிலை, லேபிள் வெயிலைப் பார்க்கும்படி, உச்சி வேளையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் வைத்தால் போதும். பாட்டில் காலியாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி பாட்டில் வெயிலை ஓரிடத்தில் குவித்துப் பக்கத்தில் உள்ள காய்ந்த சருகையோ துணியையோ பற்றவைக்கக் கூடும். வேறு வேலை வந்து அதை வாரக்கணக்கில் அங்கேயே விட்டுவிடுவதும் தவறு. நீண்ட நாள் வெயில்பட்ட பசை காய்ந்து இறுகிவிடும், பிறகு எடுப்பது இருமடங்கு கடினம்.

சூட்டில் வராமல் லேபிள் கிழிந்துபோனால், அல்லது ஏற்கெனவே யாரோ பாதி சுரண்டி வைத்த பாட்டிலாக இருந்தால், அப்போதுதான் வாளி. ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்தால் வெறும் தண்ணீரைவிட வேகமாக வேலை நடக்கும். திரவம் தண்ணீரை இடுக்குகளில் நுழையவைக்கும். சோடாவின் காரத்தன்மை ஸ்டார்ச்சு, கேசின் பசைகளை இளக்கும். பாட்டில்களைத் திரும்பப் பெற்றுக் கழுவும் தொழிற்சாலைகளில் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் லேபிளை எடுப்பதும் இதே அடிப்படையில்தான். ஆனால் தோலையும் கண்ணையும் பொசுக்கும் அந்தப் பொருளுக்கு வீட்டில் இடமில்லை. சலவைச் சோடாவுக்கே கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் இந்தக் கரைசலை வைத்தால் பாத்திரம் கறுத்து அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ வேண்டும்.

பளபளப்பான லேபிளின் மேல் பெரும்பாலும் மெல்லிய பூச்சு இருக்கும். தண்ணீர் அதன் வழியே இறங்காது. கத்தி முனையாலோ கம்பி நாராலோ லேபிளின் மேல்பரப்பை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டுப் போட வேண்டும். பாட்டிலுக்கு உள்ளேயும் கரைசலை நிரப்பினால் மிதக்காமல் அமிழ்ந்து நிற்கும். அரை மணி நேரம் கழித்து எடுத்து, பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் வழித்தால் காகிதம் சுருண்டு வரும். கூழான காகிதத்தை அப்படியே தொட்டியில் கழுவிவிடுவோர் பின்னால் பிளம்பரைத் தேட நேரிடும். வடிகட்டியில் பிடித்துக் குப்பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் லேபிளுக்கு இந்த ஊறல் அனேகமாகப் பயன்படாது, தண்ணீர் பசையைத் தொடவே தொடாது.

இனி மிஞ்சுவது பிசுபிசுப்பு மட்டும். இதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பது வீண்வேலை. இதற்கு வேண்டியது எண்ணெய். பாட்டிலை முதலில் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும், ஏனென்றால் ஈரத்தின் மேல் தடவிய எண்ணெய் பசையில் இறங்காமல் நழுவிவிடும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் சரி. வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் இருந்தால் நல்ல எண்ணெயைச் செலவழிக்கவே வேண்டாம். எண்ணெயும் ஆப்பச்சோடாவும் சம அளவு எடுத்துக் குழைத்துப் பசை உள்ள இடத்தில் கனமாக அப்பிவிட வேண்டும். இங்கே பசையை இளக்குவது எண்ணெய்தான். சோடா அந்த எண்ணெய் வழிந்தோடாமல் பிடித்து வைக்கிறது, தேய்க்கும்போது மென்மையான பொடியாக உதவுகிறது. மெல்லிய பசைக்கு அரை மணி நேரம் போதும், தடித்த பசைக்கு இரவு முழுதும் விடலாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும் மார்கழிக் காலையிலும் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்; அப்போது நல்லெண்ணெயை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்தால் பசை உருண்டு உருண்டு திரளும். அதன் மேல் உடனே தண்ணீர் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு பாட்டில் முழுதும் பரவிவிடும் என்பதால், பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்து, சீயக்காய்த்தூளோ கடலை மாவோ தூவித் துடைத்து, கடைசியில்தான் சோப்பும் சுடுதண்ணீரும். நீலகிரித் தைலம் இருந்தால் பஞ்சில் சில சொட்டுகள் நனைத்துத் தேய்ப்பது சமையல் எண்ணெயைவிட வேகமானது. வாடையும் சில மணி நேரத்தில் பறந்துவிடும். குழந்தைகள் வாயில் வைத்துவிட்டால் ஆபத்தான பொருள் என்பதால் வேலை முடிந்ததும் எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். விலை ஒட்டிய சிறு ஸ்டிக்கரின் தடயத்துக்கு ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து தேய்த்தாலே போதும், தோலில் உள்ள எண்ணெய்க்குப் பசையைக் கரைக்கும் சக்தி உண்டு.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் லேபிள்களின் பசை சில நேரம் எண்ணெய்க்கு முழுதாக மசிவதில்லை. அதற்கு ஸ்பிரிட் வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் மிஞ்சிய கைச் சானிடைசர் இதற்குக் கச்சிதமானது. ஆல்கஹால் மிகுந்தது, கூழாக இருப்பதால் வழியாமல் நிற்கும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் இன்னும் கடுமையானது, பாட்டிலில் கறுப்பு மையால் அச்சடித்த தயாரிப்புத் தேதியையும் ஒரே துடைப்பில் எடுத்துவிடும், ஆனால் சில வகைப் பிளாஸ்டிக் மூடிகளில் பட்டால் அவை இளகிப் பாழாகும். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுபவை. அடுப்பு எரியும் சமையலறையிலோ விளக்கேற்றிய பூசையறைக்கு அருகிலோ இவற்றைத் திறக்கவே கூடாது. சன்னல் திறந்த இடத்தில், பஞ்சில் கொஞ்சமாக எடுத்துச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயும் பசையை எடுக்கும். ஆனால் அதன் வாடை போவதற்குள் பொறுமை போய்விடும், உணவு வைக்கும் பாட்டிலுக்கு அது வேண்டாம். பெட்ரோலை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

பிளேடால் சுரண்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கை வழுக்கினால் காயம் என்பது ஒருபுறமிருக்க, கண்ணாடியில் விழும் நுண்ணிய கீறல்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். சாம்பல் போட்டுத் தேய்ப்பவர்கள் அதை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். சாம்பலில் கலந்துள்ள மணல் கண்ணாடியைக் கீறும். பசை முழுதும் போயிற்றா என்று அறிய, காய்ந்த பாட்டிலின் மேல் சிறிது பஞ்சை ஒற்றி எடுத்தால் போதும்; மிச்சமுள்ள இடத்தில் பஞ்சின் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

மூடிக்கு லேபிளைவிட வாசனைதான் பிரச்சினை. உலோக மூடியின் உள்விளிம்பில் உள்ள மென்மையான வளையம் ஊறுகாய் வாடையை விடாமல் பிடித்து வைத்திருக்கும். கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தும் போகாவிட்டால், அந்த மூடி மிளகாய்த்தூளுக்கு ஆகும், சர்க்கரைக்கு ஆகாது. துரு ஏறிய மூடியையும், வாய் விளிம்பு சிதைந்த பாட்டிலையும் கழித்துவிட வேண்டும். பினாயில், அமிலம், பூச்சிமருந்து வந்த பாட்டில்கள் எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு உதவாது.

பொடிகளும் பருப்பும் வைக்க, கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தாலே போதும். ஊறுகாயோ ஜாமோ வைப்பதாக இருந்தால் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் வைத்து மெல்லச் சூடேற்றி, கொதி வந்தபின் பத்து நிமிடம் விட்டு, பதறாமல் ஆறவிட்டு எடுக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் தங்கினாலும் ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கும்.

உள்ளே இருப்பது என்ன, எப்போது அரைத்தது என்று குறிக்கப் புதிய ஸ்டிக்கர் ஒட்டினால் இதே வேலை மறுபடி வந்து சேரும். மைதாப் பசை தடவிய காகிதத் துண்டு தண்ணீர் பட்டதும் வந்துவிடும், ஆனால் கரப்பான் தொல்லை உள்ள வீட்டில் அதைக் கடித்து வைக்கும். அங்கே கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் நேராக எழுதிவிட்டு, பொடி தீர்ந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளலாம்.