மீனும் மோரும் சேரலாமா? செரிமானம் அறிந்து சாப்பாட்டைச் சேர்க்கும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், மீன் குழம்பு ஊற்றிய தட்டில் மோர் விழுந்துவிடாதபடி வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மீனும் பாலும் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி விழும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவதே வெண்புள்ளி. அதற்கு மீனும் மோரும் சேர்வது காரணம் என்பதற்கு மருத்துவத்தில் சான்று இல்லை. அதற்காக, எதை எதோடு சேர்த்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. சேர்க்கை செரிமானத்தை மெய்யாகவே மாற்றுகிறது. ஆனால் நாம் அஞ்சும் இடம் ஒன்றாகவும், கவனிக்க வேண்டிய இடம் வேறாகவும் இருக்கின்றன.

சோற்றையும் மீனையும் ஒரே வேளையில் சாப்பிட்டால் இரண்டுமே செரிக்காது என்று கைப்பேசியில் சுற்றிவரும் அறிவுரையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைப்பதற்கான நொதிகளைக் கணையம் ஒரே சாறாகத்தான் சிறுகுடலுக்குள் அனுப்புகிறது. கலந்த உணவைச் செரிப்பதற்கென்றே அமைந்த குடல் அது.

மீன் சாப்பிட்டபின் வரும் தொல்லைக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் உண்டு. அதை நானே பட்டு அறிந்தேன். ஒரு கோடை நண்பகலில், வண்டியில் வந்த சூரை மீனை வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போதே நாக்கில் மிளகைக் கடித்தாற்போலச் சுறுசுறுவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. கடைசியாக ஒரு வாய் மோர் குடித்திருந்ததால், "மீனுக்கு மோர் ஆகாதுன்னு சொன்னேனே, கேட்டியாம்மா?" என்று மாமியார் கடிந்துகொண்டார். அடுத்த வாரம் கரையேறிய உடனே வாங்கிய சூரையைச் சமைத்து, அதே மோரைக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. சூரை, கானாங்கெழுத்தி, சாளை போன்ற மீன்கள் பனிக்கட்டியில்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள், ஒவ்வாமை போன்ற இந்தத் தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அது உருவானபின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் அழியாது.

ஆகவே மீன் விஷயத்தில் தட்டுக்கு முன்பே, வாங்கும் இடத்தில் கவனம் தொடங்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். அது செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். கண் குழி விழாமல் பளபளக்க வேண்டும். விரலால் அழுத்திய சதை உடனே எழும்ப வேண்டும். ஹிஸ்டமின் ஏறிய மீன் கண்ணுக்கு நன்றாகவே தெரியக்கூடும் என்பதால், பனிக்கட்டியில் புதைத்து விற்பவரிடமே வாங்குங்கள். வீடு வந்ததும் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். உண்ணும்போது நாக்கு சுறுசுறுத்தால் அந்த மீனைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பொறுத்தவரை, மோர் பகை அல்ல, துணை. மிளகாயின் எரிச்சலைத் தரும் கேப்சைசினைப் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பற்றிக்கொள்வதால், தண்ணீர் தணிக்காத வாய் எரிவை மோர் தணிக்கிறது.

உண்மையில் செரிமானத்தைத் தாமதப்படுத்தும் சேர்க்கை, கொழுப்போடு கொழுப்பைச் சேர்ப்பதே. கல்யாண வீட்டில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, பொரித்த மீன் ஆகியவற்றை உண்டு, அதன்மேல் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் என்ற இனிப்பையும் சாப்பிட்டால், சிறுகுடலுக்குள் நுழையும் கொழுப்பு, இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்துவிடுகிறது. வயிறு மணிக்கணக்கில் கனக்கும்; அந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். நெய்ச்சோறு உண்ணும் நாளில் மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். தொதலை மாலைக்கு ஒதுக்குங்கள். படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள். விருந்துக்குப்பின் நம் வீடுகளில் கொடுக்கும் சுக்குமல்லிக் காபி நல்ல பழக்கம். இஞ்சியும் சுக்கும் இரைப்பை காலியாவதைச் சற்று விரைவுபடுத்துகின்றன.

கொழுப்பை முழுவதும் விலக்கிவிடவும் கூடாது. முருங்கைக்கீரையிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து, சிறிதாவது எண்ணெயோ தேங்காயோ இருந்தால்தான் உடம்பில் சேரும். அதே கீரையிலுள்ள இரும்புச்சத்துக்கு எலுமிச்சைச் சாறும், உடன் உண்ணும் மீனும் துணை செய்கின்றன. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ டானின் என்ற தன் துவர்ப்புப் பொருளால் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள். சோகை உள்ள பெண்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடும் பயறும்தான் பல வீடுகளில் கறி. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவி உப்பை இறக்குங்கள். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடலில் அவை நொதிப்பதால்தான் வாயு வருகிறது. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அது குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வயிற்றுக்கு எது ஒத்துவரவில்லை என்பதைப் பொதுவிதி எதுவும் சொல்லாது. ஒரு நோட்டுதான் சொல்லும். சாப்பிட்டது, நேரம், வயிறு உப்பியதா, எரிந்ததா என்று மூன்று வாரம் எழுதுங்கள். சந்தேகப்படும் பொருளில் ஒன்றை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி, பிறகு மீண்டும் சேர்த்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். என் கணவர் பல வருடங்களாக நண்டு தனக்கு ஆகாது என்று சொல்லிவந்தார். நோட்டில் எழுதிப் பார்த்தபோது, நண்டு சாப்பிட்ட நாட்களில் மட்டுமல்லாமல், மாலையில் பெரிய டம்ளர் நிறையப் பால் குடித்த எல்லா நாட்களிலும் வயிறு உப்பியிருந்தது. பாலை நிறுத்தியதும் உப்புசம் நின்றது. இப்போது நண்டு வாங்கும் நாளில் அவர்தான் முதலில் தட்டைப் போட்டு உட்காருகிறார்.