நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் இருக்க

1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 1 டீஸ்பூன் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, ஆப்பிளை நறுக்க நறுக்க அதில் போடுங்கள். 10 நிமிடம் கழித்து வடித்தால் போதும், சில மணி நேரத்துக்குச் சட்டென்று கறுக்காது.

பழத்தைப் பழுப்பாக்குவது அதிலுள்ள ஒரு நொதி. அது வேலை செய்யச் செம்பு வேண்டும். அமிலம் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்வதோடு, புளிப்பைக் கூட்டி நொதியை மந்தமாக்கியும் விடுகிறது. எலுமிச்சைச் சாறும் பெரும்பாலும் இதே அமிலத்தால்தான் பலிக்கிறது. ஆனால் அதன் வாசனை பழத்தில் ஏறிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. உணவுப் பொட்டலங்களில் 330 என்ற எண்ணில் இருப்பதும் இதுதான்.

ஏற்கெனவே கறுத்த துண்டுக்கு இது உதவாது. பச்சைக் காய்கறிகளுக்கும் வேண்டாம், வேகும்போது நிறம் மங்கிவிடும். அப்புறம், அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், அமிலம் அரித்துவிடும்.