கிரீன் டீயில் கீரை வாசனையா? கொட்டிவிடாதீர்கள்

கிரீன் டீ, கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி மணந்தால் இலை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் பெரும்பாலும் பறித்த இலையைச் சீக்கிரமே நீராவியில் காட்டிவிடுவார்கள். அந்தப் பச்சை வாசனை அப்படியே தங்கிவிடும். கியோகுரோ என்ற ஜப்பானிய கிரீன் டீக்கு, இலை பறிப்பதற்கு முன் செடிகளைச் சுமார் 20 நாள் மூடி நிழலில் வளர்ப்பார்கள். அதில் கடற்பாசி மணமே வரும். எனக்கு அதுதான் உயிர். சீனாவின் லோங்ஜிங் கிரீன் டீ வாணலியில் வாட்டப்படுவதால் வறுத்த கொட்டை மணம்.

மணம் இருக்கட்டும், கசப்புதான் தொல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அது தூக்கலாக இறங்கும். கொதித்த தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி, அப்புறம் இன்னொன்றுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். ஜப்பானின் சாதாரண கிரீன் டீயான செஞ்சாவுக்கு 70–80 டிகிரி, ஒரு நிமிடம் போதும். கியோகுரோவுக்கு 50–60.

கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்ட ஊலாங்குக்கு இது ஒத்துவராது. உருண்டையாகச் சுருண்ட இலை விரிய 90 டிகிரிக்கு மேல் வேண்டும். அதிகம் வறுக்காத தியே குவான் யின் என்ற சீன ஊலாங்கில் பூ மணத்துக்கு அடியில் வெண்ணெயில் வதக்கிய கீரை போல ஒன்று வரும். வடித்ததும் மூடியைத் திறந்து ஈர இலையை முகர்ந்து பாருங்கள், அங்கேதான் தெளிவாகத் தெரியும். வைக்கோல், அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் மட்டும் இலை பழசு.