கச்சான் காற்றுக்கு ஒரு தேங்காய்ப்பால் தேசிக்காய்ச் சாறு

மட்டக்களப்பில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் மத்தியானத்தில் தொண்டை வறண்டுவிடும். அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது இந்தத் தேங்காய்ப்பால், தேசிக்காய் (எலுமிச்சை) சாறு.

நன்றாக முற்றிய தேங்காய் ஒன்றைத் திருவி, ஒன்றரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து முதற்பாலை மட்டும் பிழிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பால் வேண்டாம், அது கறிக்குப் போகட்டும். பிழிந்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். சூடு ஆறாத பாலில் தேசிக்காய்ப் புளி பட்டால் சட்டென்று திரிந்து, வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதக்கும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது.

சரி, பால் குளிர்ந்ததும் மூன்று மேசைக்கரண்டி ரின்பால் (டின்னில் வரும் இனிப்பான கட்டிப்பால்), ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கப் ஐஸ்கட்டி சேர்த்து பிளெண்டரில் நுரை வரும்வரை அடியுங்கள். இரண்டு தேசிக்காயின் சாற்றைக் கடைசியாக விட்டு, இரண்டு சுற்று மட்டும் சுற்றினால் போதும்.

வாசத்துக்கு, பிழிவதற்கு முன்னமே தேசிக்காயின் பச்சைத் தோலைக் கொஞ்சம் துருவி, ஒரு கரண்டி சீனியோடு விரலால் தேயுங்கள். சீனி ஈரமாகிப் பச்சை நிறம் ஏறும். அதைக் கோப்பையில் மேலே தூவுங்கள். வெள்ளைப் பகுதி வரை துருவினால் கசக்கும்.

ஊற்றியவுடன் குடித்துவிடுங்கள். வைத்தால் தண்ணீர் வேறு, பால் வேறாகப் பிரிந்து நிற்கும்.